பழமனையும் காப்புச் சட்டமும்

நல்லூரில், பருத்தித்துறை வீதியோரத்தில், சட்டநாதர் கோயிலுக்கு அணித்தாக நிற்கும் மந்திரிமனையைக் காணாத மாணவர் வடமாகாணத்திற் சிலரேயாவர். வன்னிப் பாடசாலைகளிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலாச் செல்வோர், நல்லைக் கந்தனை வணங்கியபின் சங்கிலித்தோப்பு வளைவையும் யமுனா ஏரியையும் இம்மனையையும் பார்த்து மீளுதல் வழக்கம். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துப் பெருமழையில் அம்மனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. செய்தித்தாளில் அதன் படம் வந்த நாளில், பத்தாம் வகுப்பு மாணவனொருவன் என்னிடம், "மரபுரிமைச் சின்னத்தை இடிக்கக் கூடாதெண்டு சட்டமிருக்கெண்டு படிப்பிச்சனீங்கள். அப்ப, விழுறதுக்குச் சட்டமில்லையோ சேர்?" என்று வினவினான். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. யானும் உடன் சிரித்தேனாயினும், அவ்வினாவுக்கு விடை கூறாமலே அன்றைய பாடம் முடிந்தது. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

பழைய வீடொன்றை அதன் உடையவர் இடிக்க விரும்புகின்றார். அது தகாதென்று ஊரவர் சிலர் தடுக்கின்றனர். அதிகாரத்திலுள்ளோர் ஒரு தீர்ப்புக் கூறல் வேண்டும். அத்தீர்ப்பு எதனை ஆதாரமாகக் கொள்வது? நம் நாட்டைப் பொறுத்தவரை இதற்கு முதல் விடை தருவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமாகும். இலங்கையில் தொல்பொருளாராய்ச்சிப் பகுதி 1890 இல் எச். சி. பி. பெல் என்பாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளின் பின்னர், பரணவிதான அவர்கள் அப்பதவியை ஏற்ற ஆண்டிலேயே, இச்சட்டமும் தோன்றியது. 1815 மார்ச்சு 2 ஆம் நாளுக்கு முற்பட்ட, அல்லது முற்பட்டதென நம்பப்படும் கட்டடத்தை இச்சட்டம் தொன்மைச் சின்னமெனக் கொள்ளுகின்றது. அந்நாளுக்குப் பிற்பட்ட கட்டடமாயினும், வரலாற்றுத் தொடர்போ தொல்லியற் சிறப்போ உடையதாயின், அமைச்சர் வர்த்தமானி வாயிலாக அதனையும் அவ்வகையிற் சேர்க்கலாம். தனியார் நிலத்திலுள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதெனப் பிரகடனஞ் செய்யுமுன் உடையவருக்கு அறிவித்தல் கொடுத்து அவர் மறுப்பைக் கேட்டல் வேண்டும். பிரகடனமான பின்னரோ, அதில் மாற்றஞ் செய்யவும், புதிதாக ஒன்றைச் சேர்க்கவும், ஏன், பழுது பார்க்கவுங்கூட அநுமதிப் பத்திரம் வேண்டும். 1998 இல் இச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன.

1815 மார்ச்சு 2 என்னும் நாள் எங்ஙனம் வந்தது? கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. இலங்கை முழுவதும் ஆங்கில முடியின்கீழ் வந்த நாளைப் பழமைக்கும் புதுமைக்கும் எல்லைக்கல்லாக நட்டனர். கண்டி நாட்டுக்கு அவ்வெல்லை பொருத்தமானதே. வன்னிக்கு அது பொருந்துமோ என்பது ஆராயற்பாலது. 1782 இல் ஒல்லாந்தத் தளபதி நாகல் படையெடுத்து வன்னிமைகளை அடக்கினான். 1795 இல் ஒல்லாந்தர் இடத்தை ஆங்கிலேயர் பிடித்தனர். 1803 ஆகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒற்றோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். நமது எல்லைக்கல் நடப்பெற வேண்டிய இடம் அதுவே. பன்னிரண்டு ஆண்டு வேறுபாடு சட்டத்துக்கு ஒரு பொருட்டன்று என்பர், அஃது உண்மையே. எனினும், எந்த அரசு வீழ்ந்த நாளைக் கொண்டு எவர் வீட்டின் வயது கணிக்கப்படுகின்றது என்பதை வரலாற்று மாணவன் கவனியாது விடலாகாது.

அதனினும் பெரிய தடையொன்றுண்டு. கற்கோட்டைகளை விட்டால், அக்காலத்து வன்னியிற் கல்லாலும் சுண்ணத்தாலும் ஆன கட்டடம் அரிது. கிளிநொச்சி மாவட்டத்திற் பூநகரிக் கோட்டை உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் விரித்து, ஆங்கிலேயர் தம் பிரயாணிகளுக்குத் தங்குமடம் அமைத்த இடம் அது. அது சட்டத்தின் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். ஆனால் வன்னிக் குடியானவன் வீடு மண்ணாலும் வரிச்சாலும் கிடுகாலும் ஆயது. முதிரையிலும் பாலையிலும் கப்பு நட்டு, பசுமண்ணாற் சுவரெடுத்து, ஓலையாலோ வைக்கோலாலோ வேய்ந்து, சாணத்தால் மெழுகிய வீடு அது. முற்றத்தில் நெற்பட்டறை நிற்கும். சற்றே வசதியுடையோர் தலைவாசலும் திண்ணையுமாகக் கட்டினர். இவ்வீடுகளில் 1815 க்கு முற்பட்ட சுவர் எங்ஙனம் எஞ்சும்? ஆண்டுதோறும் கூரை புதிது. மூன்றாண்டுக்கொருமுறை சுவர்ப் பூச்சும் புதிது. வடிவம் மட்டுமே பழையது. 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூல் எழுதி வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் துரை போன்ற ஆட்சியாளர் எழுத்திலே இவ்வூர்களின் குளமும் வயலும் குடித்தொகையும் பதிவாயின. சட்டத்தின் வழியே இவ்வூர் வீடுகளைக் காக்கப் புகுவோர்க்கு அப்பதிவு போதாது.

இனி மந்திரிமனைக்கு வருவோம். ஆரியச் சக்கரவர்த்திகளின் அமைச்சரொருவர் வாழ்ந்த மனை அஃதென்பது வழிவழி வந்த செய்தி. இன்று நாம் காணும் முகப்போ, அதன் வளைவுகளாலும் தூண்களாலும் ஐரோப்பியத் தொடர்பைக் காட்டி நிற்பது. நல்லூரின் அரசு 1619 இல் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. ஆகவே இப்போதுள்ள கட்டடம் அவ்வரசுக்குப் பிற்பட்டதென்றே ஆராய்ச்சியாளர் கொள்வர். இதைக் கேட்டதும் நம்மவர் சிலர் மனம் வருந்துவதைக் கண்டிருக்கின்றேன். வருந்த வேண்டுவதில்லை. ஒரு மனையைக் காக்கத்தக்கதாக்குவது வயதொன்றேயன்று. அவ்விடத்தோடு மக்கள் நினைவு பிணைந்து கிடப்பதும், ஒல்லாந்த வளைவும் தமிழ்த் தச்சன் செதுக்கிய மரவேலையும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பதும் வயதுக்குக் குறைந்த காரணங்களல்ல. இடிக்கலாமோ என்னும் வினா எழுந்திருக்குமாயின், "கூடாது" என்றே எவரும் தீர்ப்புக் கூறியிருப்பர். ஆயின் அவ்வினா எழவேயில்லை. ஒருவரும் அதனை இடிக்க அநுமதி கேட்டிலர். தனியார் உடைமையாயுள்ள நிலம். பொதுமக்கள் உரிமை பாராட்டும் கட்டடம். செப்பனிடுதற்கும் அநுமதி வேண்டும் என்னும் சட்டம். இம்மூன்றுக்கும் நடுவே மழை தன் வேலையைச் செய்தது. எவர்மேற் குற்றம் என்று கூறுவது என் கருத்தன்று. சட்டம் இடிப்பவன் கையைப் பிடிக்க வல்லது. ஓடு மாற்றும் கை ஒன்றை உண்டாக்க வல்லதன்று என்பதையே சொல்லுகின்றேன்.

இந்நிலை நமக்கு மாத்திரம் உரியதன்று. சென்னை அண்ணாசாலையில் பாரத் இன்சூரன்சு கட்டடம் என்று ஒன்று உண்டு. இந்தோ-சரசனிக் பாணியில் 1897 இல் எழுந்தது. சிமித்து என்னும் மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்டு, பின்னர்க் காப்புறுதிக் கம்பனியொன்றின் கைக்குச் சென்று, இந்தியாவில் ஆயுட்காப்புறுதி அரசுடைமையான 1956 க்குப் பின் அரசுக் கூட்டுத்தாபனத்தின் சொத்தாயிற்று. 2006 இல் உடையவர் அதனை இடிக்கத் தொடங்கினர். இன்டாக் என்னும் மரபுரிமைக் காப்பு நிறுவனம் உயர் நீதிமன்றஞ் சென்றது. வழக்கிலே சுவையான பகுதி யாதெனில், அக்காலத்திற் சென்னை நகருக்குப் பழைய கட்டடங்களைக் காக்கும் தனிச்சட்டம் இருந்திலது. விளம்பரப் பலகைகளை எங்கெங்கே வைக்கலாகாது என்று ஆராய்ந்த குழுவொன்று, நீதிபதி பத்மநாபன் தலைமையில், சிறப்புடைய கட்டடங்களின் பட்டியலொன்றைத் தொகுத்திருந்தது, அப்பட்டியலே கேடயமாயிற்று. 2010 ஏப்பிரல் மாதத்தில், இடித்தல் கூடாதென்று நீதிமன்றம் தீர்த்தது. 2012 இல் தமிழ்நாட்டு மரபுரிமை ஆணையச் சட்டமும் பிறந்தது. மரபுரிமை அன்பர் கொண்டாடிய வெற்றி இது, கொண்டாடத்தக்கதே. ஆனால் தீர்ப்புக்குப் பின்னரும் பல்லாண்டு அக்கட்டடம் செப்பனிடப்படாமல், செடி முளைத்த சுவரோடும் அடைத்த வாயிலோடும் நின்றது. நல்லூரிற் சட்டம் இருந்தும், சென்னையில் வழக்கு வென்றும், முடிவிலே சுவரின் நிலை ஒன்றாயிற்று.

இவ்வாறன்றி, உடையவனுக்கும் ஊருக்கும் இடையே சுமையைப் பகிர முயன்ற நாடுகளும் உண்டு. பிரித்தானியாவில் 1882 இல் முதற் சட்டம் வந்தபோது தனியார் உரிமைக்கு அஞ்சி, விரும்பினால் மட்டும் சின்னத்தை அரசிடம் ஒப்படைக்கலாம் என்றனர். 1913 ஆம் ஆண்டுச் சட்டமும் மக்கள் குடியிருக்கும் வீடுகளைப் புறத்தே விட்டது. 1947 இல் சிறப்புடைய வீடுகளைப் பட்டியலிடும் முறை விரிந்தது. 1968 இல், பட்டியலிலுள்ளதை இடிக்க முன்னநுமதி கட்டாயமாயிற்று. உடையவன் வீட்டைப் பாழ்பட விட்டால், திருத்துமாறு அறிவித்தல் கொடுக்கவும், தானே அவசர வேலை செய்து செலவை அறவிடவும் ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. பம்பாய் நகரமோ 1995 இல் வேறொரு வழி கண்டது: பழைய கட்டடத்தை இடிக்காதிருப்பவனுக்கு, அவ்விடத்தில் இழந்த கட்டும் உரிமையை வேறிடத்தில் விற்கும் உரிமையாகக் கொடுத்தது. ஐக்கிய அமெரிக்காவில், நியூ யோர்க்கின் பெரிய புகையிரத நிலையத்தின்மேல் ஐம்பது மாடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப விரும்பிய கம்பனி, தடை விதித்த நகரம் தன் சொத்தைப் பறித்துவிட்டதென வழக்காடிற்று. கட்டடத்தை முன்போலவே பயன்படுத்தி நியாயமான வருவாய் பெற இயலுமாதலின் அது பறிப்பன்று என்று 1978 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பின் மறுபக்கத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நியாயமான பயன் ஒன்றும் இல்லாத வீடாயின் என் செய்வது? மந்திரிமனையில் வாடகைக்கு எவர் இருப்பார்?

வீட்டை இருந்த இடத்திலேயே காத்தல் இயலாதபோது, வீட்டையே கொண்டுசென்ற அரிய செய்தியும் நம் நாட்டில் உண்டு. கட்டடக் கலைஞர் ஜெவ்றி பாவா, ஏனா டி சில்வா என்னும் பத்திக் ஓவியக் கலைஞருக்காகக் கொழும்பிலே 1960 க்கும் 1962 க்கும் இடையில் ஒரு வீடு கட்டினார். நடுவில் திறந்த முற்றமும் அதனைச் சுற்றிக் கூடங்களும் அமைந்த அவ்வீட்டின் வரைபடத்தை நம்மவர் பார்த்தால், "இது நம் நாற்சார் வீடன்றோ!" என்பர். ஐம்பது ஆண்டும் நிரம்பாத வீடாதலின் அதற்கு வயதின் காப்பு இல்லை. 2009 அளவில் அந்நிலம் வேறு பயனுக்கு உரியதாக, வீட்டின் கல்லுக்கும் மரத்துக்கும் எண்ணிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் நிறுவினர். 2016 இல் அவ்வேலை நிறைவுற்றது. கழற்றிக் கட்டிய வீடு அதே வீடாகுமா என்று தருக்கம் பேசுவோர் பேசலாம். யப்பானில் ஈசே என்னும் திருக்கோயிலை இருபதாண்டுக்கொருமுறை புதிதாகவே கட்டுகின்றனர். இறுதியாக 2013 இற் கட்டினர். அது பழங்கோயில் அன்றென்று சொல்வார் இல்லை. நம் கோயில்களிலும் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பாலத்தாபனஞ் செய்து, பழுது நீக்கி, குடமுழுக்காட்டுதல் மரபு. பாதுகாத்தல் என்பதற்கு நம் முன்னோர் கண்ட பொருள் இதுவே: குறித்த காலத்திற் கைதொட்டுச் செய்யும் வேலை. (அண்மைக் காலத்தில் திருப்பணி என்னும் பெயராலேயே சுண்ணச்சாந்து மண்டபங்களைத் தகர்த்துச் சீமெந்துக் கூரை போடுவோர் பெருகியிருப்பது வேறு கதை, அதனை எழுதப் புகின் இவ்விதழ் போதாது.)

வன்னியில் இவ்வினா ஏட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும், போர் ஊர்ஊராக நெருங்கியபோது, மக்கள் தம் வீட்டு ஓட்டையும் மரத்தையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தனர். போகுமிடத்தில் ஒரு கொட்டில் போட வேண்டுமே! முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள எம் ஊரில், எம் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டுக்கும் அதுவே நிகழ்ந்தது. தலைவாசல் நிலையில் 1926 என்னும் ஆண்டு செதுக்கப்பட்ட வீடு அது. சனவரி மாதத்து ஒரு காலையில் ஓடுகளை நாமே இறக்கினோம். தீராந்திகளைக் கயிறுகட்டி இறக்கியது என் நினைவிலுண்டு. அவ்வீட்டை முதலில் இடித்தவர் நாமே. இறக்கிய மரம் எவ்விடத்தில் எரிந்ததென்று அறியோம். தலைவாசலின் நான்கு முதிரைத் தூண்களை மட்டும் பெயர்க்க இயலவில்லை. 2011 இல் மீண்டபோது அவை நின்றன.

மீள்குடியேறிய பின்னர், 2012 ஒற்றோபரிற் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்திற் புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும், திருத்த வேலைக்கு 250,000 ரூபா வரையும் உதவி வழங்கப்பட்டது. அத்திட்டம் எத்தனையோ குடும்பங்களை மழையினின்றும் காத்தது. நன்றி மறத்தல் ஆகாது. ஆயின், பழைய சுவர் நிற்பவன் திருத்துவதை விரும்புவனோ புதிது கட்டுவதை விரும்புவனோ என்பதை அவ்விரு தொகைகளே சொல்லும். கூரையிழந்த சுவர் ஒவ்வொரு மாரியிலும் கரையும். எம் வளவிலும் ஒரு மூலையிற் புதுவீடு எழுந்தது. பழைய சுவர்கள் நடுவே நின்றன. அவற்றை இடித்து மனை வகுக்க வேண்டுமென்று என் தமக்கையின் மகன் கேட்டான். யான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1815 க்கு நூற்றுப்பதினோராண்டு பிற்பட்ட வீடு. அரசரும் அமைச்சரும் அடி வைத்திராத வீடு. வர்த்தமானியில் ஏறத்தக்க சிறப்பொன்றும் இல்லை. சட்டப்படி இடிக்கலாம் என்பதே விடை. ஆயினும் என் வாயால் அதனைச் சொல்ல இயலவில்லை. அம்மான் ஒருவர், எண்பதைக் கடந்தவர், நாம் வழக்காடுவதைக் கேட்டிருந்து, "தம்பி, இடிக்கலாமோ கூடாதோ எண்டதை விடு. நிண்டா, இதைப் பாக்கிறது ஆர்? அதைச் சொல்லு" என்றார். இருபது நூல் படித்து யான் வந்துசேர்ந்த இடத்தில் அவர் முன்னரே குந்தியிருந்தார்.

என் கருத்தில், இடித்தலுக்கு அநுமதி கேட்கும் ஒவ்வொரு பழமனையிலும் முதலில் வினவத்தக்கது அதுவே. பார்ப்பவர் உளராயின், வயது குறைவு என்னுங் காரணத்தால் இடிக்க விடலாகாது. சட்டம் தன் நாட்கணக்கை நெகிழ்த்தி, அநுமதிப் பத்திரத்தோடு பணத்துக்கும் வழி காட்டுதல் வேண்டும். பார்ப்பவர் இலராயின், இடிக்கக் கூடாதென்னும் கட்டளை வீட்டை மழையிடம் ஒப்படைப்பதேயாகும். அந்நிலையில் அளந்து, வரைந்து, படமெடுத்து வைத்த பின்னர், எஞ்சிய நன்மரத்தை மறுபடியும் பயன்படுத்துமாறு கழற்றுதலே நேர்மையான வழி. போர் விட்டுவைத்த வீடுகள் எவையென ஊர்தோறும் ஒரு பட்டியலேனும் இருத்தல் வேண்டும். சென்னையில் விளம்பரப் பலகைக்காக எழுதிய பட்டியல் ஒரு கட்டடத்தைக் காத்ததெனின், நம் உயர்தர வகுப்பு மாணவர் வீட்டுக்கு வீடு சென்று எழுதும் பட்டியல் எதற்கும் உதவாதென்று எவர் கூறவல்லார்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது எம் பழைய வீட்டின் மேற்குச் சுவர் தானாகவே விழுந்தது. அதன்பின், மாணவர் அறுவர் இரு சனிக்கிழமைகளில் வந்து எஞ்சியதை நாடாப்பிடித்து அளந்தனர். சமையற்கட்டும் வடபுற அறைகளும் இடிக்கப்பட்டன. அங்கே மருமகன் அத்திவாரம் வெட்டிவிட்டான். தலைவாசலும் அதனையொட்டிய அறையும், 1926 என்னும் எண்ணோடு, நிற்கின்றன. அடுத்த மாரிக்கு முன்னர் அவற்றுக்குக் கூரை போடல் வேண்டும். அச்செலவை உடன்பிறந்தோர் மூவரும் பங்கிடுவதென்று இசைந்துள்ளோம். கனடாவிலிருப்பவர் பங்கு இன்னும் வந்திலது.